நீராவி ரயிலோடு ஓடப் போகிறவர்களுக்கு: வடசென்னையிலிருந்து தயாராவது எப்படி?

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும், சின்ன வயதில் கூட்ஸ் வண்டியோடு போட்டி போட்டு ஓடிய கதை ஒன்று வைத்திருப்பார்கள். ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856இல். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அன்றிலிருந்து எங்கள் பகுதிக்கு ரயில்தான் கடிகாரம். அதனால்தான், பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் நீராவி ரயிலோடு மனிதர்கள் ஓடும் ‘ரேஸ் தி டிரெயின்’ என்ற பந்தயம் ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் எங்கள் ஓட்டக் குழுவில் நாலைந்து கை சட்டென்று உயர்ந்தது. நான் அதை ஒருமுறை ஓடியிருக்கிறேன். ரயில் என்னைவிட ஆறு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தது. ஏன் அப்படி ஆயிற்று, இங்கிருந்தபடியே எப்படித் தயாராகியிருக்கலாம் என்று பல மாதம் யோசித்தேன். யோசித்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. தண்டவாளத்திலோ அதன் ஓரத்திலோ பயிற்சி வேண்டவே வேண்டாம். அத்திப்பட்டிலிருந்து மீஞ்சூர் வரை பாதையோரம் மண்வழி கிடக்கும், காலுக்கு ஆசையாகத்தான் இருக்கும். மின்சார ரயில் எவ்வளவு சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147இன்படி அது ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றமும்கூட. இந்தப் பந்தயத்திலும் யாரும் தண்டவாளத்தில் ஓடுவதில்லை. ரயில் பள்ளத்தாக்கில் அதன் பாதையில் போகும். ஓடுகிறவர்கள் வயல், தோட்டச் சாலை, மலைச்சரிவு வழியாக அதை ஒட்டி ஓடுவார்கள்.

பந்தயம் என்ன மாதிரி

ஊரின் பெயர் டவின் (Tywyn). ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘டைவின்’ என்று கேட்டால் அங்கே யாருக்கும் புரியாது. வேல்ஸின் மேற்குக் கடற்கரையில் இருக்கும் சின்ன ஊர். அங்கிருந்து மலைக்குள் போகும் குட்டி ரயில்பாதைதான் டாலிஹ்லின் ரயில்வே. சுரங்கத்திலிருந்து சிலேட்டுக் கல் இறக்குவதற்காக 1860களில் போட்டார்கள். மூடும் நிலைக்கு வந்தபோது, 1951இல் தன்னார்வலர்கள் கையிலெடுத்து ஓட்ட ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்பாதை அதுதான். தண்டவாள அகலம் 686 மில்லிமீட்டர். நம் அகலப்பாதையில் (1,676 மி.மீ.) பாதிகூட இல்லை, ஊட்டி ரயிலைவிடவும் ஒடுக்கம். பெட்டிக்குள் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முட்டி இடிக்கும்.

பந்தயம் 1984இலிருந்து நடக்கிறது, மாதம் ஆகஸ்ட். பெரிய ஓட்டம் 14 மைல், அதாவது சுமார் 22.5 கிலோமீட்டர். ஊரிலிருந்து அபர்கினோல்வின் என்ற கிராமம் வரை போய்த் திரும்ப வேண்டும். ரயில் அந்தப் போக்குவரத்தை முடிக்க ஏறக்குறைய 1 மணி 47 நிமிடம் எடுத்துக்கொள்ளும். புதியவர்களுக்கு ஏற்ற மாதிரி 5.6 கிலோமீட்டரிலிருந்து சின்ன ஓட்டங்களும் உண்டு. இதுவரை 10 கிலோமீட்டர்கூட நிற்காமல் ஓடியதில்லை என்றால் முதல் வருடம் சின்ன ஓட்டத்துக்கே பெயர் கொடுங்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. அதே மழை, அதே சேறு, அதே ஆடுகள்.

பெரிய ஓட்டத்தில் ரயிலை ஜெயிக்க வேண்டுமா? 107 நிமிடத்தை 22.5ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 45 விநாடி வருகிறது. தார்ச்சாலையிலேயே இது சாதாரண வேகமில்லை. ஈரப்புல்லும் மேடும் கேட்டுகளும் சேர்ந்தால் இன்னும் கடினம். என் கணிப்பில், மெரினா பக்கம் சமதரையில் ஓர் அரை மாரத்தானை 1 மணி 35 நிமிடத்துக்குள் முடிப்பவருக்குத்தான் ரயிலை ஜெயிக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் நல்லபடியாக ஓடி முடிப்பதை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

பதினாறு வாரம்

ஏப்ரல் நடுவில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் நடுவுக்குள் பதினாறு வாரம் கிடைக்கும். நடுவில் கத்திரி வெயில் வரும், அதைப் பற்றிப் பயம் வேண்டாம். வேல்ஸில் ஆகஸ்டில் பகல் வெப்பநிலையே பெரும்பாலும் 20 டிகிரிக்குள்தான் இருக்கும். 30 டிகிரியிலும் புழுக்கத்திலும் பழகிய உடம்புக்கு அந்தக் குளிரில் மூச்சு தாராளமாக ஓடும். நமக்கு இல்லாதவை மேடும் சேறும் சாய்ந்த தரையும்தான். பயிற்சி அந்த மூன்றையும் குறிவைக்க வேண்டும்.

வாரத்துக்கு நாலு நாள் போதும். ஒரு நாள் நீண்ட ஓட்டம், ஒரு நாள் மேடு, ஒரு நாள் மணல் அல்லது வரப்பு, ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு லேசான ஓட்டம். நீண்ட ஓட்டத்தை 10 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைக்க வேண்டும். பதின்மூன்றாவது வாரத்துக்குள் ஒருமுறையாவது 22, 23 கிலோமீட்டர் தொட்டுவிட்டு, கடைசி இரண்டு வாரம் பாதியாக்கிவிடுங்கள். வயது நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஆரம்பிக்கும் முன் மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துவிடுங்கள்.

மேட்டுக்கு எங்கே போவது? வடசென்னையில் மலை இல்லை, மேம்பாலம் இருக்கிறது. பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலத்தில் ஞாயிறு விடியற்காலை வண்டி குறைவு. ஏறும்போது சீராக ஓடி, இறங்கும்போது உடம்பை லேசாக முன்னால் சாய்த்து இறங்கிப் பழகுங்கள். எட்டில் ஆரம்பித்துப் பன்னிரண்டு தடவை வரை போகலாம். ஒளிரும் பட்டை போட்ட சட்டை கட்டாயம். குடிசை மாற்று வாரிய அடுக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுப் படிக்கட்டே போதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கம் கெடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருநாள் ரயிலேறித் திருத்தணிக்குப் போய் 365 படியையும் வேகநடையாக ஏறி வாருங்கள். அது கோயில், செருப்பில்லாமல் பக்தியோடு ஏறுகிறவர்கள் நடுவே ஓடக் கூடாது. நிற்காமல் நடந்தாலே தொடை எரியும். பந்தயத்திலும் செங்குத்தான மேட்டில் நடப்பதுதான் புத்திசாலித்தனம், அந்த நடையையும் பழகியிருக்க வேண்டும்.

சாய்ந்த தரை: எண்ணூர்க் கடற்கரை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தோற்றது இங்கேதான். திரும்பும் வழியில் ஆடுகள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை மலைச்சரிவில் போகும். தரை ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. தார்ச்சாலையில் மட்டுமே ஓடிப் பழகிய என் கணுக்கால் இரண்டு கிலோமீட்டரில் தளர்ந்துபோயிற்று. வேகம் அங்கே போனதுதான், திரும்ப வரவேயில்லை.

அதற்கு மருந்து நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவொற்றியூர்க் கரை பெரும்பாலும் கல் கொட்டியது, ஓட உதவாது. எண்ணூரில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் மணல் கிடக்கிறது. அலை வந்து போகும் ஈரமணல் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும், மலைச்சரிவு மாதிரியே. வடக்கே ஓடினால் வலது கால் தாழ்வு, தெற்கே திரும்பினால் இடது கால் தாழ்வு. முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு மெல்ல மெல்ல நாற்பது நிமிடம் வரை. ஒரே பக்கமாக ஓடிவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

முதல் நாள் நான் உலர்ந்த மணலில் திணறிக்கொண்டிருந்தபோது, கட்டுமரத்துப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே சொன்னார்: “தம்பி, அலை போன சுவட்டுலயே கால வையி. மண்ணு உன்னைத் தாங்கும்.” சரிதான். அலை பின்வாங்கிய அடுத்த நொடி மணல் இறுகியிருக்கும், மேலே மினுமினுப்பு மறைவதற்குள் காலை வைத்து எடுத்துவிட வேண்டும். அப்போது தன்னால் எட்டு குறுகும், கால் வேகமாக மாறும். சேற்றில் ஓடவும் இதே கால்தான் வேண்டும்.

ஷூ போட்டுத்தான் ஓடுங்கள். கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் மணலில் புதைந்து கிடக்கும். காயவைத்த வலையை மிதிக்காதீர்கள், கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம், நாம்தான் விருந்தாளி. கிளம்பும் முன் மணலிப் பகுதியின் காற்றுத் தர அளவைக் கைப்பேசியில் பார்த்துவிடுங்கள். அளவு மோசமாக இருந்தாலோ, காற்றில் நெடி அடித்தாலோ அன்றைக்கு மேடோ படிக்கட்டோ போதும். நுரையீரலைப் பணயம் வைத்து எந்தப் பந்தயத்துக்கும் தயாராக வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடவே ஓடாதீர்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு உங்கள் தலை தெரியாது.

சேறு: பொன்னேரி வரப்பு

மீஞ்சூரைத் தாண்டினால் வயல். திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி என்னும் நெல் பட்டம் சித்திரையில் தொடங்கி ஆடி வரை போகும், நம் பயிற்சிக் காலமும் அதேதான். தெரிந்தவர் வயல் இருந்தால் கேட்டுவிட்டு வரப்பில் ஓடலாம். தெரியாதவர் வயலில் கேட்காமல் இறங்காதீர்கள். புதிதாக அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பில் காலே வைக்கக் கூடாது, அது இடிந்தால் தண்ணீர் போய்விடும். பாம்பு இருக்கும் என்பதால் நன்றாக விடிந்த பிறகே இறங்குங்கள்.

வரப்பில் பார்வை காலடியில் இருக்கக் கூடாது, மூன்று எட்டு முன்னால் இருக்க வேண்டும். வழுக்கினால் உடம்பை இறுக்காமல் கையை விரித்து, அடுத்த காலைச் சீக்கிரம் வையுங்கள். வீட்டில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள், காலுக்கு ஒரு நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடிந்துவிட்டால் கணுக்கால் தயார்.

சைக்கிள் ரயில்

பந்தயத்தில் எனக்குப் புரியாமல் போன முக்கியமான விஷயம் இது. 1 மணி 47 நிமிடம் என்பது ரயில் நிற்கும் நேரமும் சேர்ந்தது. ரயில் வழியில் நிற்கும், இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும், திரும்பும் இடத்தில் காத்திருக்கும். ஆகவே ஓடும்போது அது சராசரியைவிட வேகமாகத்தான் ஓடும். உங்களைத் தாண்டிப் போகும்போது நீங்கள் தோற்றுவிட்ட மாதிரியே தெரியும், பெட்டியில் இருப்பவர்கள் வேறு கை தட்டிக் கூப்பிடுவார்கள். நான் அப்போது துரத்தினேன். துரத்தியதில் போன மூச்சு, மலைச்சரிவில் இல்லாமல் போயிற்று.

அதைப் பழக ஒரு வழி கண்டுபிடித்தோம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில், ஞாயிறு அதிகாலை, என் தங்கை மகன் சைக்கிளில் ‘ரயில்’ ஆனான். கணக்கு இதுதான். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 22.5 கிலோமீட்டருக்கு 90 நிமிடம். மீதி 17 நிமிடத்துக்கு அவன் நிற்க வேண்டும். போகும்போது 6ஆவது கிலோமீட்டரில் 4 நிமிடம், 11.25இல் திரும்பும் இடத்தில் 9 நிமிடம், வரும்போது 18ஆவது கிலோமீட்டரில் 4 நிமிடம். மொத்தம் 107.

“மாமா, வண்டி கிளம்பிடுச்சு!” என்று மணியடித்துவிட்டு அவன் போய்விடுவான். முதல் கிலோமீட்டரிலேயே அவன் முதுகு சின்னதாகிவிடும். நீங்கள் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 45 விநாடி வேகத்தை விடாமல் பிடித்திருந்தால், 6ஆவது கிலோமீட்டரில் அவன் கிளம்பிப் போய் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். திரும்பும் இடத்தில் அவன் நின்றுகொண்டிருக்க நீங்கள் தாண்டிப் போவீர்கள். 17ஐத் தாண்டியதும் மணிச் சத்தம் பின்னால் கேட்கும், அவன் முந்துவான். அப்போது வேகம் கூட்டவே கூடாது. 18இல் அவன் மறுபடி நிற்பான், நீங்கள் மறுபடி தாண்டுவீர்கள். கடைசி நாலரை கிலோமீட்டர்தான் உண்மையான பந்தயம். மூன்று ஞாயிறு இப்படி ஓடினால், மணிச் சத்தம் கேட்டதும் கால் தானாகப் பறக்கும் பழக்கம் போய்விடும். வேகம் அவ்வளவு இல்லாதவர்கள் சைக்கிளையும் அதற்கேற்ப மெதுவாக்கிக்கொள்ளுங்கள். பொருள் ஒன்றுதான்: ரயில் நின்று நின்று ஓடும், நீங்கள் நிற்காமல் ஓட வேண்டும். எட்டு மணிக்கு மேல் அந்தச் சாலையில் பேருந்தும் சுற்றுலா வண்டியும் நெரிக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

ஷூ

சாலை ஓட்டத்துக்கான ஷூ அங்கே உதவாது. அடியில் 5, 6 மில்லிமீட்டர் புடைப்புள்ள டிரெயில் ஷூ வாங்குங்கள். ஒரு கடையில் எனக்கு ‘எல்லாத் தரைக்கும் ஆகும்’ என்று சொல்லி விற்ற ஷூவின் அடி கிட்டத்தட்ட வழுவழு. ஈரப்புல்லில் முதல் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள், புடைப்புகளுக்கு நடுவே விரல் நுனி போக வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொள்ளும். பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பே வாங்கிப் பழகி, நாடாவை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். உரசும் இடங்களில் வாசலின்.

சாப்பாடு, தண்ணீர்

நாம் விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஓடிப் பழகியவர்கள். அங்கே பெரிய ஓட்டம் தொடங்குவது பிற்பகல் 2 மணியை ஒட்டி. காலைச் சாப்பாடு செரித்தும் செரிக்காமலும் இருக்கும் நேரம். இதைப் பழகாமல் போனால் வயிறு பிடித்துக்கொள்ளும். ஜூனில் இங்கே 2 மணி வெயிலில் ஓடக் கூடாது, ஆகவே மதியம் ஒன்றரைக்கு லேசாகச் சாப்பிட்டுவிட்டு, கடற்காற்று வந்ததும் ஐந்தரைக்கு ஓடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது. அங்கே இட்லி கிடைக்காது என்பதால் ரொட்டி, வாழைப்பழம், ஓட்ஸ் கஞ்சியில் எது ஒத்துக்கொள்கிறது என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். வழியில் வாயில் போட எனக்குப் பேரீச்சம்பழம் சரியாக இருந்தது. கடலைமிட்டாய் ஓடும்போது தொண்டையில் சிக்கும்.

இங்கே பயிற்சியில் வியர்வை கொட்டும். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, இல்லாவிட்டால் ஓஆர்எஸ். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருப்பது ஆபத்து, உடம்பில் உப்பு நீர்த்துவிடும். தலை சுற்றினாலோ, வியர்வை நின்று உடம்பு சில்லிட்டாலோ ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

போய்ச் சேர்வது

பந்தயத்துக்கு முதலில் பெயர் பதிவு, அப்புறம் விசா. பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம், கடைசி நேரம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்ட் அங்கே பள்ளி விடுமுறை, டவினில் அறை கிடைப்பது கஷ்டம். பக்கத்து ஊர்களிலும் தேடுங்கள். பர்மிங்ஹாமிலிருந்து டவினுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். ஒரு எச்சரிக்கை: அந்த ரயில் மஹன்ஹ்லெத் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். சில பெட்டிகள் அபரிஸ்ட்வித் போகும், மற்றவை கடற்கரையோரமாக டவின் வழியாகப் புஹ்லெஹ்லி போகும். எந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு நாள் முன்னால் போவது நல்லது. முந்தின நாள் அதே குட்டி ரயிலில் டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்கள். எந்த வளைவில் மேடு வருகிறது, ரயில் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் சன்னலிலிருந்து தெரியும். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

அன்றைக்கு

ரயிலின் விசிலோடு கூட்டம் பாயும். நீங்கள் பாய வேண்டாம். முதல் மூன்று கிலோமீட்டர் கொஞ்சம் மெதுவாகத் தெரிந்தால் சரியாக ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். வயலுக்குள் நுழையும் கேட்டுகளில் நெரிசல் இருக்கும். தள்ளாதீர்கள், அந்தச் சில விநாடியில் மூச்சை இறக்கிக்கொள்ளுங்கள். ஆடு குறுக்கே வந்தால் கத்தாமல் வேகத்தைக் குறையுங்கள், அது தானாக விலகும். செங்குத்தில் கையைத் தொடையில் ஊன்றி நடங்கள். திரும்பி வரும் சரிவில் எண்ணூர் ஈரமணலை நினைத்துக்கொள்ளுங்கள். குறுகிய எட்டு, வேகமான கால். விசில் கேட்டால் கேட்கட்டும்.

முடித்தவுடன் ஐந்து நிமிடத்துக்குள் ஈர பனியனைக் கழற்றி உலர்ந்த ஸ்வெட்டர் போடுங்கள். நமக்கு அந்தக் குளிர் ஓடும்போது தெரியாது, நின்றதும் நடுக்கிவிடும். சூடாக ஏதாவது குடித்துவிட்டு, அறைக்குப் போய்க் காலிலும் முட்டிக்குப் பின்னாலும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். புதர்ச் செடியும் ஆடும் உள்ள இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். இருந்தால் நசுக்காமல், சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். ஷூவை அன்றிரவே கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். காலையில் கிளம்புவதற்குள் ஓரளவு காய்ந்திருக்கும்.